கதைகளைக் காக்கும் படங்கள்

நுழையும்முன்

விலங்குகளும் பறவைகளும் பேசும் நீதிக்கதைகளைக் கேட்டு வளராத குழந்தை இல்லை. அக்கதைகள் ஏட்டில் மட்டும் வாழவில்லை. சிற்பிகள் அவற்றைக் கல்லில் செதுக்கினர். ஓவியர்கள் தாளில் தீட்டினர். மாமல்லபுரத்திலும் கொல்கத்தாவிலும் சாவகத்திலும் பிரான்சிலும் சிதறிக் கிடக்கும் அக்கலைப்படைப்புகளை ஒருவர் தம் வாழ்நாளில் நேரில் சென்று காண்பது அரிது. அவற்றின் ஒளிப்படங்களைத் தொகுத்து ஒருங்கே வைத்து ஒப்பிடுவதோ எவர்க்கும் இயலும். அத்தொகுப்பு முயற்சி எத்தகைய அறிவைத் தருகிறது, அதனை எவ்வாறு மேற்கொள்ள வேண்டும் என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

மலைமேல் ஒரு படக் கருவூலம்

பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. 1899ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்வாய்வகத்தில், 1904ஆம் ஆண்டு முதல் கதிரவனின் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டு வந்தன. வானம் தெளிந்திருந்த நாள்களில் எல்லாம் கதிரவனின் உருவம் கண்ணாடித் தகடுகளிலும், பின்னர்ப் படச்சுருள்களிலும் பதிவாயிற்று. நூற்றாண்டைக் கடந்த அப்பதிவுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று எண்ணியல் வடிவத்திற்கு மாற்றியுள்ளது. கதிரவனின் நீண்டகால மாற்றங்களை ஆராயும் உலக அறிஞர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

அத்தகடுகளின் மதிப்பு எதில் உள்ளது? கதிரவனின் வட்ட உருவம் மட்டுமே ஒரு தகட்டில் இருந்து, அது எந்த நாளில் எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லாமற்போயிருப்பின், அத்தகடு ஆய்வுக்குப் பயன்படாது. நாளும் நேரமும் சேர்ந்தபோதுதான் படம் சான்றாகிறது.

கோடைக்கானலை அடுத்துள்ள செண்பகனூரிலும் இதே உண்மையைக் காணலாம். 1895ஆம் ஆண்டு இயேசு சபைத் துறவியர் அங்கு நிறுவிய கல்லூரியைச் சார்ந்து வளர்ந்தது செண்பகனூர் அருங்காட்சியகம். பழனி மலையின் விலங்குகள், பறவைகள், பூச்சிகள், தொல்பொருள்கள் ஆகியன அங்கே பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவ்வூரைச் சார்ந்த ஆங்கிலேட் அடிகளார், நியூட்டன் அடிகளாருடன் இணைந்து, இம்மலைகளில் காணப்படும் கல்திட்டைகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். அவர்கள் எழுதிய நூலை 1928ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பின்னாளில் சிதைவுற்ற கல்திட்டைகளின் நிலையை அறிய இத்தகைய பதிவுகளே துணைநிற்கின்றன.

பொருளும் அதன் குறிப்பும் பிரியாமல் இருத்தலே தொகுப்புக் கலையின் அடிப்படை. வானியலுக்கும் தொல்லியலுக்கும் பொருந்தும் இவ்விதி, கதைகளைச் சித்திரிக்கும் கலைப்படைப்புகளின் படங்களைத் தொகுப்பதற்கும் பொருந்தும். ஒரு படத்தைப் பார்த்துக் கதையைக் கண்டறிவது எத்துணை நுட்பமான செயல் என்பதை மாமல்லபுரத்துப் பூனை ஒன்று நமக்கு உணர்த்தும்.

மாமல்லபுரத்துப் பூனை

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட தவக்காட்சிப் புடைப்புச் சிற்பம் உலகப் புகழ்பெற்றது. ஏறத்தாழ நூறடி நீளமுள்ள பாறைப் பரப்பில் தேவர், முனிவர், வேடர், விலங்குகள் எனப் பல உருவங்கள் நிறைந்துள்ளன. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவு ஓடுகிறது. அதன் இடப்பக்கம், உடல் மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறார். இவர் பாசுபதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்னும் கேள்வியில் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர்.

பிளவின் வலப்பக்கம், உயிருள்ள யானைகளின் அளவை ஒத்த பெரிய யானைகள் நிற்கின்றன. அவற்றின் அருகே, காண்போர் எளிதில் கவனியாத ஒரு சிறிய உருவம் உண்டு. பூனை ஒன்று பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறது. அதனைச் சுற்றி எலிகள் உள்ளன.

இப்பூனையின் கதையை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் காணலாம். துரியோதனன், உலூகன் என்பானைத் தூதனுப்பித் தருமனிடம் கூறச் செய்யும் கதை அது. கங்கைக் கரையில் பூனை ஒன்று கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்டது. அதன் அமைதியைக் கண்டு பறவைகள் நம்பின. எலிகளும் நம்பித் தம் முதியோரையும் இளையோரையும் அதன் காவலில் ஒப்படைத்தன. பூனை நாளும் கொழுத்தது. எலிகளின் எண்ணிக்கை நாளும் குறைந்தது. ஐயுற்ற ஒரு முதிய எலி, பூனையின் எச்சத்தில் மயிர் கலந்திருப்பதைக் கண்டது. காயும் கிழங்கும் உண்பதாகக் கூறும் தவசியின் எச்சத்தில் மயிர் எவ்வாறு வரும் என்று அது கேட்க, உண்மை வெளிப்பட்டது. எலிகள் கலைந்து ஓடின.

பொய்த்தவம் பற்றிய எச்சரிக்கை நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், புலியின் தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேயும் பசுவை உவமையாக்குகிறார். சிற்பி இதே கருத்தைப் பூனையின் வழியாகக் காட்டுகிறார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, சிறு உறுப்பும் கதையை முடிவு செய்கிறது. பூனை தவசியாக நடிக்கும் கதை பஞ்சதந்திரத்திலும் உண்டு. அங்கே பூனையிடம் வழக்குத் தீர்க்கச் சென்று இரையாகின்றவை முயலும் ஒரு பறவையும் ஆகும். பௌத்த சாதகக் கதை ஒன்றிலோ ஒற்றைக்காலில் நின்று எலிகளை ஏமாற்றுவது நரி. மாமல்லபுரத்தில் தவக்கோலம் பூண்டது பூனை, சூழ்ந்திருப்பவை எலிகள். இவ்விரண்டும் சேர்ந்தே இதனை மகாபாரதக் கதையோடு பொருத்துகின்றன. எலிகளை விடுத்துப் பூனையை மட்டும் படம் எடுத்தால், எக்கதை என்பதை உறுதியாகக் கூற இயலாது.

இரண்டாவது, இடமும் பொருள் தருகிறது. பிளவின் ஒருபுறம் மெய்த்தவசி கைகளை உயர்த்தி நிற்கிறார். மறுபுறம் பொய்த்தவசியாகிய பூனையும் அவ்வாறே நிற்கிறது. தோற்றம் ஒன்று, உள்ளம் வேறு. சிற்பியின் நகைச்சுவையும் அறிவுரையும் இவ்விரு உருவங்களுக்கும் இடையே உள்ளன. பல நூல்களிலும் அஞ்சல் அட்டைகளிலும் பூனையின் உருவம் தனியே வெட்டி அச்சிடப்படுகிறது. அப்படம் அழகாக இருக்கும். ஆனால் சிற்பி கூற வந்ததில் பாதி அதில் இராது.

ஒளிப்படத்தின் வலிமையும் குறையும் இங்கே ஒருசேரத் தெரிகின்றன. படம் ஒரு சிற்பத்தை அதன் பாறையிலிருந்து பிரித்து நம் கைக்குக் கொண்டு வருகிறது. அவ்வாறு பிரிந்ததை மீண்டும் அதன் இடத்தோடும் கதையோடும் இணைப்பது நாம் எழுதும் குறிப்பே.

பெயர் பொறித்த பார்குத்

மாமல்லபுரத்துச் சிற்பி தம் காட்சிக்குப் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆகையால் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பெயர் எழுதி வைத்த சிற்பிகளும் இந்நாட்டில் இருந்தனர். மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் உள்ள பார்குத் என்னும் ஊரில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. அதன் சுற்றுவேலியில் புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் சாதகக் கதைகள் செதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் பலவற்றின் அருகே பிராமி எழுத்தில் கதையின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது.

அவற்றுள் ஒன்றில், மரத்தின்மேல் சேவல் ஒன்று அமர்ந்துள்ளது. கீழே பூனை ஒன்று அதனை நிமிர்ந்து நோக்குகிறது. சேவலை மணக்க விரும்புவதாக இனிய சொற்களைக் கூறிக் கீழே இறக்கி உண்ண முயலும் பூனையின் கதை அது. சேவல் மயங்கவில்லை. அச்சிற்பத்தின் பொறிப்பு அதனைப் பூனைச் சாதகம் என்றும் கோழிச் சாதகம் என்றும் இரு பெயர்களால் குறிக்கிறது. ஒரே கதை மக்களிடையே இரு பெயர்களில் வழங்கியமைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய சான்று இது. பாலி மொழி நூல்களில் உள்ள கதைகளையும் இச்சிற்பங்களையும் ஒப்பிட அறிஞர்களுக்கு இப்பெயர்ப் பொறிப்புகளே திறவுகோலாயின.

1873ஆம் ஆண்டு அலெக்சாந்தர் கன்னிங்காம் அவ்விடத்தைக் கண்டபோது தூபியின் பெரும்பகுதி அழிந்திருந்தது. சுற்றுப்புற மக்கள் அதன் கற்களை வீடு கட்டுவதற்கு எடுத்துச் சென்றிருந்தனர். எஞ்சியவற்றை அவர் அகழ்ந்தெடுத்தார். அவருடைய உதவியாளர் சோசப் பெக்ளர் அவற்றை ஒளிப்படம் எடுத்தார். அப்படங்களுடன் கன்னிங்காமின் நூல் 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. சிற்பங்கள் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. கொல்கத்தாவைக் கண்டறியாத அறிஞர்களும் தம் நாட்டு நூலகத்தில் அமர்ந்து அச்சிற்பங்களை ஆராய அந்நூலின் படங்கள் வழிசெய்தன.

கடல் கடந்த ஆமை

படங்களைத் தொகுப்பதன் முழுப்பயன், ஒரே கதையின் பல வடிவங்களை அருகருகே வைத்துக் காணும்போது விளங்கும். அதற்கு ஆமையின் கதை தக்க எடுத்துக்காட்டு.

குளம் வற்றும் காலத்தில் இரு அன்னங்கள் தம் நண்பனாகிய ஆமையை வேறு நீர்நிலைக்குக் கொண்டு செல்ல முன்வருகின்றன. ஒரு கோலின் இரு முனைகளையும் அவை கவ்விக்கொள்ள, நடுவில் ஆமை வாயால் பற்றிக்கொள்கிறது. வழியில் கண்டோர் வியந்து ஆரவாரிக்க, ஆமை மறுமொழி கூற வாய் திறந்து வீழ்ந்து மடிகிறது. இது பஞ்சதந்திரக் கதை. சாதகத்தில் ஆமை விழுவது அரண்மனை முற்றத்தில். ஓயாது பேசும் அரசன் ஒருவனைத் திருத்த அது பாடமாகிறது.

கதை இந்தியாவைவிட்டு இரு திசைகளில் பயணம் செய்தது. கிழக்கே சாவகத் தீவில், போரோபுதூருக்கு அருகில் உள்ள மெண்டூட் கோயிலின் படிக்கட்டுச் சுவரில் அன்னங்கள் ஆமையைச் சுமந்து பறக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அக்கோயில் ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தது. மேற்கே, ஆறாம் நூற்றாண்டில் பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பகலவி மொழிக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதனைக் ‘கலீலா வதிம்னா’ என்னும் பெயரில் அரபியில் தந்தார். அரபு, பாரசீக ஓவியர்கள் அந்நூலின் ஏடுகளை வண்ண ஓவியங்களால் அணிசெய்தனர்.

பின்னர் ஐரோப்பிய மொழிகளிலும் இக்கதைகள் பரவின. பிரெஞ்சுக் கவிஞர் இலா ஃபோந்தேன் தம் இரண்டாம் கதைத் தொகுதியை 1678ஆம் ஆண்டு வெளியிட்டபோது, இந்திய அறிஞர் பில்பேக்குத் தாம் கடன்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டார். அவர் பாடிய ஆமைக் கதையில் அன்னங்கள் வாத்துகளாயின. குளம் வற்றியதால் அன்று, உலகைச் சுற்றிப் பார்க்கும் ஆசையால் ஆமை புறப்படுகிறது. துன்பத்தால் நேர்ந்த பயணம் ஆசையால் நேர்ந்த பயணமாக மாறியது.

கதைகள் தாம் பிறந்த நாட்டிற்கே திரும்பியும் வந்தன. 1830களின் இறுதியில், பிரான்சைச் சார்ந்த கலை ஆர்வலர் ஒருவர் இலா ஃபோந்தேன் கதைகளுக்கு ஓவியம் தீட்டித் தருமாறு வேண்ட, இலாகூர் ஓவியர் இமாம் பக்ஷ் இந்தியப் பாணியில் அவற்றைத் தீட்டினார். அவ்வோவியங்கள் இன்று கவிஞர் பிறந்த ஊராகிய சாத்தோ தியெரியில் உள்ள அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. தமிழகத்திலோ அதற்குச் சற்று முன்னரே, 1826ஆம் ஆண்டு, தாண்டவராய முதலியார் மராத்தி மொழியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்திருந்தார்.

இப்படங்களை ஒரு மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. உடையும் நிலமும் உயிரினமும் மாறின. ஒவ்வொரு மாற்றமும் அந்நாட்டு மக்கள் கதையை எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதைக் காட்டும்.

தமிழகத்தில் ஒளிப்படப் பதிவு

1839ஆம் ஆண்டு பிரான்சில் ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது தமிழகக் கோயில்களை வந்தடைந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய இலின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டு மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைக் காகித எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இடைவெளியின்றிக் காட்ட, அவர் 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து நீண்ட சுருளாக அமைத்தார். எழுத்து தொடர்வதால் படமும் தொடர வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணியைப் பேரளவில் மேற்கொண்டது, 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அதன் ஒளிப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

அக்காப்பகத்தின் பயன் ஒரு வழக்கில் உலகிற்குப் புலனாயிற்று. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலில் இருந்த சோழர்கால நடராசர் செப்புத்திருமேனி களவாடப்பட்டுக் கடல் கடந்து சென்றது. 2008ஆம் ஆண்டு ஆசுதிரேலியத் தேசியக் கலைக்கூடம் அதனை விலைகொடுத்து வாங்கியது. அத்திருமேனி சிறீபுரந்தான் கோயிலில் இருந்ததைக் காட்டும் படம் புதுச்சேரிக் காப்பகத்தில் இருந்தது. 1994ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அப்படம் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாயிற்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் நடராசர் இந்தியாவிற்குத் திரும்பினார்.

அப்படத்தில் ஊரின் பெயரும் ஆண்டும் குறிக்கப்படாமல் இருந்திருந்தால், அது அழகிய நடராசர் படம் ஒன்றாக மட்டுமே இருந்திருக்கும். கோடைக்கானலின் கண்ணாடித் தகடு கற்பித்த அதே பாடம் இங்கே ஓர் ஊரின் இறைவனை மீட்டுத் தந்தது. கதைச் சிற்பங்களும் களவுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் கவனக்குறைவிற்கும் ஆட்படுபவையே. தூண்களின் அடிப்பகுதியிலும் சுவரின் மூலையிலும் உள்ள சிறு சிற்பங்கள் சுண்ணாம்புப் பூச்சில் மறைந்துபோவதும் உண்டு. அவை மறையும் முன் எடுத்த குறிப்புடைய படம், பின்வரும் தலைமுறைக்கு அச்சிற்பம் இருந்தமைக்குச் சான்றாகும்.

படம் எடுக்கும் முறை

புடைப்புச் சிற்பத்திற்கு ஒளியே உயிர். முன்புறமிருந்து நேராக விழும் ஒளியில் மேடுபள்ளம் தெரியாமல் உருவம் தட்டையாகும். பக்கவாட்டிலோ மேலிருந்தோ சாய்ந்து விழும் ஒளி, சிறு நிழல்களை உண்டாக்கிச் செதுக்கலின் ஆழத்தைக் காட்டும். மாமல்லபுரத் தவக்காட்சி கிழக்கு நோக்கியது; விடியலில் ஒளி நேராக விழும்; வெயில் ஏறஏற ஒளி மேலிருந்து சாய்ந்து உருவங்களை வேறுபடுத்தும். ஒரே சிற்பத்தை வேறுவேறு பொழுதுகளில் எடுத்து ஒப்பிடுதல் நன்று.

ஒவ்வொரு கதைச் சிற்பத்திற்கும் மூன்று படங்கள் வேண்டும். முதற்படம் அது அமைந்துள்ள சுவர் அல்லது தூண் முழுவதையும் காட்ட வேண்டும். இரண்டாம் படம் கதைக்காட்சி முழுவதையும் காட்ட வேண்டும். மூன்றாம் படம் கதையை அடையாளம் காட்டும் நுண்ணுறுப்பை, அதாவது எலியை, கோலை, சேவலைக் காட்ட வேண்டும். ஒரு படத்திலேனும் அளவுகோல் இடம்பெற்றால் சிற்பத்தின் பருமன் விளங்கும்.

சிற்பத்தின்மீது எண்ணெய், சுண்ணக்கட்டி, நீர் ஆகியவற்றைத் தடவி உருவத்தை எடுத்துக்காட்ட முயல்வது பெருந்தவறு; அது கல்லைக் கெடுக்கும். பழைய ஓவியங்கள்மீது மின்னொளி பாய்ச்சுதல் கூடாது. கோயில்களில் கருவறைத் திருமேனிகளைப் படம் எடுத்தல் ஆகாது. பிற பகுதிகளுக்கும் உரியவரின் ஒப்புதலை முன்னரே பெற வேண்டும்.

நேரில் காண இயலாதவற்றின் படங்களை நூல்கள், நாள்காட்டிகள், அஞ்சல் அட்டைகள், அருங்காட்சியக வெளியீடுகள் ஆகியவற்றிலிருந்து தொகுக்கலாம். அவற்றை எடுத்தவர், வெளியிட்டவர் பெயர்களைக் குறித்தல் கடமை. பழைய அச்சுப்படங்களில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எதிர்ப்படத் தகட்டைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அவ்வாறு மாறிய படத்தில் மாமல்லபுரத்துப் பூனை பிளவின் இடப்பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும். வேறொரு படத்தோடு ஒப்பிட்டே இப்பிழையைக் கண்டறிய இயலும்.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு படத்துடனும் ஊர், சிற்பம் அமைந்துள்ள இடம், ஊடகம், காலம், படம் எடுத்தவர், எடுத்த நாள், கதையின் பெயர், அக்கதை இடம்பெறும் நூல் ஆகியவற்றை எழுத வேண்டும். இவற்றோடு, காண்பதையும் கருதுவதையும் தனித்தனியே எழுதுதல் இன்றியமையாதது. மாமல்லபுரத்துப் பூனைக்குரிய குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

காண்பது: பூனை பின்னங்கால்களில் நிற்கிறது. முன்னங்கால்கள் தலைக்குமேல் உயர்ந்துள்ளன. அதனருகில் எலிகள் உள்ளன. பிளவின் மறுபுறம் தவசி ஒருவர் கை உயர்த்தி நிற்கிறார்.

கருதுவது: மகாபாரத உத்தியோக பருவத்தில் வரும் பொய்த்தவப் பூனையின் கதை. தவசியோடு ஒப்புமை காட்டவே சிற்பி இவ்விடத்தில் அமைத்திருக்கலாம்.

காண்பது மாறாது, கருதுவது மாறலாம். நாளை ஒருவர் வேறு கதையைக் கண்டறிந்து கூறினாலும், நாம் கண்டதை உள்ளவாறு எழுதிய முதற்பகுதி அவருக்கும் பயன்படும். இவ்விரண்டையும் கலந்து எழுதினால், நம் ஊகமே சிற்பத்தின் உண்மையாகப் பின்வருவோரிடம் சென்று சேரும்.

கைப்பேசியில் எடுக்கும் படங்கள் எண்ணற்றவை. ஆகவே எளிதில் தொலைபவை. ஒவ்வொரு கோப்புக்கும் ஊரும் கதையும் ஆண்டும் அமைந்த பெயர் இடுதல், இரு வேறு இடங்களில் படி வைத்தல், தேர்ந்தவற்றை அச்சிட்டு ஏட்டில் ஒட்டுதல் ஆகியன தொகுப்பைக் காக்கும்.

நம் மலையின் கதை

பழனி மலை தனக்கென ஒரு கதையை உடையது. சங்க இலக்கியம் பொதினி எனக் கூறும் இம்மலைப் பகுதியை ஆவியர் குடியைச் சார்ந்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்டான். மயில் அகவியதைக் கேட்டு, அது குளிரால் வருந்துகிறது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகிறது. விலங்குகள் பேசும் நீதிக்கதை அன்று இது. எனினும் ஒரு பறவையின் வழியாக மனிதப் பண்பு ஒன்றைக் காட்டும் கதை. மயில் போர்வையை உடுத்துமா, பயன்படுத்துமா என எண்ணாமல் கொடுத்த அச்செயலைச் சான்றோர் கொடைமடம் என்றனர்.

இக்கதையைப் பாடநூல்களிலும் கதைநூல்களிலும் ஓவியர்கள் பலவாறு வரைந்துள்ளனர். மயில் தோகை விரித்து நிற்கிறதா, ஒடுங்கி நிற்கிறதா? அரசன் தேரிலிருந்து இறங்குகிறானா, நடந்து வருகிறானா? பின்புலத்தில் மலைமுகடும் மேகமும் உள்ளனவா? ஓவியர் எதனை மூல நூலிலிருந்து எடுத்தார், எதனைத் தம் கற்பனையால் சேர்த்தார்? மாமல்லபுரத்துப் பூனையிடம் நாம் கேட்ட வினாக்களை இப்படங்களிடமும் கேட்கலாம். பழைய பாடநூல்கள் அழிந்துவரும் இக்காலத்தில், பேகன் படங்களை ஆண்டும் நூற்பெயரும் குறித்துத் தொகுப்பது, பழனி மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் நூலகத்திலேயே தொடங்கக்கூடிய பணியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயில் தூண்களிலும் சுவர்களிலும் விலங்கு, பறவை இடம்பெறும் சிற்பம் ஒன்றைத் தேர்ந்து, காண்பது, கருதுவது என இரு பகுதிகளாகக் குறிப்பு எழுதுக.

2. ‘ஆமையும் அன்னங்களும்’ கதைக்கு வெவ்வேறு நூல்களில் உள்ள படங்களைத் திரட்டி, அவற்றிடையே காணும் ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த காட்சியைச் சித்திரிக்கும் படங்களைப் பழைய, புதிய பாடநூல்களிலிருந்து தொகுத்து, ஆண்டு வரிசைப்படி ஒரு தொகுப்பேடு உருவாக்குக.